மூன்றாவது ஃபியூஸ் கட்டை

மோட்டாரில் மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்கும் மெக்கரின் கைப்பிடியை என்னதான் வேகமாகச் சுற்றினாலும் முள் படுத்தது படுத்ததுதான். பூஜ்யம்.

எலக்ட்ரீஷியனுக்குப் புரிந்துவிட்டது. மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பியும் அதன் இரும்பு உடம்பும் ஒட்டிக்கொண்டுவிட்டன. இனி மின்சாரம் வந்தால் தொட்டவன் பிணம். கணுக்கால் தண்ணீரில் நின்று, மெக்கரின் கிளிப் நழுவாமல் அந்த உடம்போடு அழுத்திப் பிடித்திருந்தவன் அவருடைய மச்சான். மனைவிக்கு ஒரே தம்பி. தொழிலுக்குப் புதுசு, அவர் வைத்த பட்டப்பெயர் பயந்தாங்கொள்ளி.

"போதும் மச்சான், விடு!"

குரல் பம்பு அறைச் சுவர்களில் மோதி மாடிப்படி ஏறியது. மேலே மெயின் சுவிட்ச் அருகில் வாட்ச்மேன். "தண்ணி இல்லாம எல்லா வீட்டுக்காரங்களும் என் உயிர எடுக்கறாங்க. ஒரு சத்தம் குடுங்க, கரண்ட விட்டுடறேன்" என்று அப்போதே சொல்லியிருந்தார்.

மேலிருந்து குரல் வந்தது: "சரிண்ணே, விடறேன்!"

"ஐயோ, விடாத!"

அதிலும் 'விடா' வரைதான் மேலே போய்ச் சேர்ந்ததோ என்னவோ.

ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ளாமல் அவர் வேலையில் இறங்குவதில்லை. கை பைக்குள் பாய்ந்தது. ஒன்று. இரண்டு.

மூன்றாவது?

அது மேலே ஃபியூஸ் பெட்டியிலேயே துருவேறி இறுகியிருந்தது. ஸ்குரூடிரைவரைத் தேடும்போது வீட்டுக்காரி போன் செய்தாள். "என் தம்பிய பத்திரமா பாத்துக்குங்க." பேசிக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

ஆளைச் சாய்க்க அந்த ஒரு கட்டை வழியாக வரும் மின்சாரமே போதும்.

'கைய எடுடா!' என்று கத்த வாயைத் திறந்தார். அதற்குள் மச்சான் கிளிப்பைக் கழற்ற, மோட்டாரை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்தான்.

மேலே, 'டடக்!'

கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"என்ன மாமா, பேயடிச்ச மாதிரி நிக்கறீங்க?"

கண்ணைத் திறந்தார். மச்சான் முழுசாக நின்றான். அவர் விரித்த கையில் இருந்த இரண்டு கட்டைகளைப் பார்த்ததும் அவன் முகமும் வெளுத்தது. தன் சட்டைப் பையிலிருந்து மூன்றாவதை எடுத்து நீட்டினான்.

"இத அப்படியே விட்டுட்டு, அக்காகிட்ட கொஞ்சிக்கிட்டே இறங்கிட்டீங்க. நான்தான் பயந்தாங்கொள்ளியாச்சே, நெம்பிப் பிடுங்கிட்டேன்."

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா அதுக்கும் ஒரு பேரு வைப்பீங்க."

மேலிருந்து வாட்ச்மேன் குரல்: "மோட்டார் சத்தமே காணோமேண்ணே! இன்னொரு தடவ விடவா?"

பதில் சொல்ல வாயெடுத்தார். 'வி' என்று வந்ததுமே பல்லைக் கடித்துக்கொண்டு, மச்சானின் கையைப் பிடித்துத் தண்ணீரிலிருந்து வெளியே இழுத்தார்.