இடது கண்ணுக்கு மேல் இரண்டு விரல்

1

கண்ணுகளா, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சுவரில் கிடைத்தது. கைப்பைக்கு ஜிப் மாற்றப் போன, பட்டாளத்து உடுப்பும் தைக்கும் தையல்கடையில் ஒரு விதித்தாள் ஒட்டியிருந்தது: 'தொப்பிச் சின்னம் இடது கண்ணுக்கு மேல், இரண்டு விரல் உயரத்தில். தொப்பி வலப்பக்கம் சரிய வேண்டும்.'

அந்தக் கண் இல்லாதவருக்கு? அன்றைக்குக் குழம்பியவள்தான், இன்னும் தெளியவில்லை.

2

அன்று காலை வானம்...

(வேண்டாம். வானத்துக்கு இங்கே வேலையில்லை.)

தையல் மாஸ்டர் கல்நெஞ்சக்காரர், அவர்...

(இல்லை, கை வரமாட்டேன் என்கிறது.)

சரி, இப்படி. பதக்கம் வாங்கப்போகும் சிப்பாய் மாஸ்டர் முன்னால் வந்து உட்கார்ந்தான். பத்து மணிக்கு அணிவகுப்பு. மாஸ்டர் தொப்பியை வைத்தார், புருவத்துக்கு மேல் இரண்டு விரல் வைத்தார், முப்பது வருடமாக எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னார்.

"கண்ணைச் சிமிட்டாதீங்க தம்பி."

அப்புறம்தான் பார்த்தார்.* இடது கண் இருந்த இடத்தில் வெறும் தழும்பு.

"சிமிட்ட அங்க என்ன மாஸ்டர் இருக்கு?" சிப்பாய் சிரித்தான்.

மாஸ்டர் புருவத்திலிருந்து விரல்களை எடுத்தார்.

"பேட்ஜை வலது பக்கம் தைச்சிருங்க. தொப்பி இந்தப் பக்கம் சரிஞ்சு இதை மூடட்டும்."

"வரிசையை விட்டே வெளியே அனுப்பிடுவாங்க தம்பி. மெடலும் போயிடும்."

"முன் வரிசையிலயே என் பொண்ணு உக்காந்திருப்பா. ஏழு வயசு. ஆஸ்பத்திரியில என்னைப் பாத்துட்டு அவங்கம்மா முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சவ, இன்னும் கிட்ட வரல."

"ரூல் புஸ்தகத்துல அதுக்கு வழியில்லையேப்பா..."

"புஸ்தகம் எழுதினவருக்கு ரெண்டு கண்ணு மாஸ்டர்."

* முகத்தைப் பார்க்காமலா தொப்பி வைத்தார் என்று கேட்காதீர்கள். அவர் புருவத்துக்குக் கீழே இறங்குவதே இல்லை. தொழில் அப்படி.

3

முடிவு ஒன்று: வலது பக்கம் தைத்தார். அதிகாரி கண்டும் காணாமல்...

(எந்த அதிகாரி? எனக்கே நம்பிக்கை இல்லை.)

முடிவு இரண்டு: விதிப்படியே தைத்தார். தழும்பைப் பார்த்த குழந்தை ஓடி வந்து...

(கூடாது. என் வசதிக்காக ஒரு குழந்தையை ஓடவைக்க நான் யார்?)

4

மணி ஒன்பதே கால். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்தக் குழந்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கடைக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். எந்தப் பக்கம் தைக்கலாம் என்று அவளை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அப்பன் கேட்கவில்லை, மாஸ்டர் கேட்கவில்லை, நானும் இத்தனை தாளைக் கிழித்தேனே தவிர கேட்கவில்லை.

கேட்பதென்றால் அவள் உயரத்துக்குக் குனிய வேண்டும். எனக்கு முட்டி மடங்காது.

நீங்கள் போங்கள், கண்ணுகளா. கதவு பூட்டவில்லை. மாஸ்டர் ஊசியில் நூலைக் கோத்துவிட்டார்.