இன்னும் குறையலப்பா

குடும்பத்தில் அவளுக்கு ஏஜென்டம்மா என்று பெயர். ஏஜென்சியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, பவர் லென்ஸை ஃபிரேம் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. ஆனால் சொந்தத்தில் யார் விமானம் ஏறுவதாக இருந்தாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். நாலு வெப்சைட்டை ஒன்றாகத் திறந்து வைத்துக்கொள்வாள். மாதக் காலண்டரில் எந்தத் தேதி பச்சையில், அதாவது மலிவாக, இருக்கிறது என்று பார்ப்பாள். இந்த ஏர்போர்ட் வேண்டாம், பக்கத்து ஊரில் இறங்கி பஸ் பிடியுங்கள் என்பாள். கடைசியில் மற்றவர்கள் கொடுக்கிற விலையில் பாதிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுவாள். கொழுந்தன் கல்யாணத்துக்கு ஒன்பது பேரை அப்படி ஏற்றி இறக்கினாள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அவளுடைய பெரிய ஆயுதம் அலாரம். போனில் ஒரு ஆப். எங்கிருந்து எங்கே, எவ்வளவுக்குள் வேண்டும் என்று போட்டு வைத்தால், விலை அதற்குக் கீழே வரும்போது 'டிங்' என்று சொல்லும். சொன்னதும் வாங்கிவிடுவாளா? மாட்டாள். முதல் இறக்கத்தில் வாங்காதே என்பது அவள் சட்டம். "டிக்கெட் விலை கோவிச்சுக்கிட்டுப் போன மாப்பிள்ளை மாதிரி. வா வான்னு கூப்பிட்டா பிகு பண்ணும். கண்டுக்காம விட்டா இன்னும் இறங்கி வரும்" என்பாள். பத்துக்கு ஏழு தடவை அது பலிக்கவும் பலித்தது.

தம்பியின் போன் வந்தபோது காலை பத்தரை. தேய்க்கும் கல்லில் ஒரு லென்ஸ் பாதியில் இருந்தது.

"அக்கா, அப்பா போயிட்டாருக்கா."

"எப்ப?"

"இப்பதான். காபி கேட்டாரு. கொண்டு போறதுக்குள்ள..."

"சரி" என்றாள். போனை வைத்தாள். லென்ஸை முழுதும் தேய்த்தாள், விளிம்பைத் தடவிப் பார்த்தாள், துடைத்து, ஆர்டர் சீட்டோடு சேர்த்துத் தட்டில் வைத்தாள். அப்புறம் எழுந்து போய் முதலாளியிடம், "எங்கப்பா இறந்துட்டாரு சார், நான் கிளம்பணும்" என்றாள். டீ வாங்கி வரப் போகிறேன் என்கிற மாதிரிதான் சொன்னாள். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

டிக்கெட் வாங்க நாலு நிமிஷம் ஆனது. ஒரே வெப்சைட். மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு விமானம், நாற்பத்தோராயிரம். இதே டிக்கெட்டை வேறு யாராவது வாங்கியிருந்தால் அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டிருப்பாள். பணம் கட்டும் பக்கம் வந்ததும் விரல் மட்டும் தானாகப் போய், ஜன்னல் சீட் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம் என்று ஒவ்வொரு கட்டத்தையும் நீக்கியது. மொத்தத்தில் எண்ணூறு மிச்சம். அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

விமானத்தில் அழுகை வரும் என்று கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். வரவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட வாய் போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. ஒரே ஒரு நினைப்புதான் சுற்றிச் சுற்றி வந்தது. அது இருபத்து மூன்று நாளுக்கு முந்தைய ஒரு புதன்கிழமை.

அப்பா எதையும் கேட்கிற ஆள் இல்லை. தம்பி வீட்டில் இருக்கிறார், சாப்பாடு ஆகிறது, போதும். அப்படிப்பட்டவர் இரண்டு மாதத்துக்கு முன் போனில், "ஒரு தடவ வந்துட்டுப் போயேன் பாப்பா" என்றார். நாற்பத்தாறு வயசுக்காரி, வீட்டில் இன்னும் பாப்பாதான். சொன்னவர் உடனே, "அவசரமில்ல. விலை குறையறப்ப வா" என்றும் சேர்த்துக்கொண்டார். அவளும் போய் வர மொத்தம் பன்னிரண்டாயிரம் என்று அலாரம் போட்டாள்.

அந்தப் புதன்கிழமை மத்தியானம் 'டிங்' அடித்தது. பதினோராயிரத்து எண்ணூறு. சரி, இறங்க ஆரம்பித்துவிட்டது, பத்தாயிரத்துக்கு வரட்டும் என்று போனை மேஜையில் வைத்தாள். பத்து நிமிஷம்கூட இல்லை, அப்பா கூப்பிட்டார்.

"சும்மாதான் பாப்பா கூப்பிட்டேன். டிக்கெட் ஏதாச்சும் குறைஞ்சுதா?"

குறைந்துவிட்டது என்று சொன்னால், உடனே போடு என்பார். போட்டால் இரண்டாயிரம் நஷ்டம். இவ்வளவுதான் அவள் மண்டையில் ஓடிய கணக்கு. "இன்னும் குறையலப்பா" என்றாள்.

"அப்படியா? சரிம்மா. குறையட்டும்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு நாளில் விலை பத்தொன்பதாயிரத்துக்கு ஏறியது. அப்புறம் இறங்கவே இல்லை. இலவு காத்த கிளி ஆனாள். அப்பா அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசினார். டிக்கெட் பேச்சையே எடுக்கவில்லை. அப்பாடா, நச்சரிக்காமல் இருக்கிறாரே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

விமானம் தரையிறங்கும்வரை இதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நல்லவேளை, அப்பாவுக்குத் தெரியாது. விலை குறையவில்லை, அதனால் மகள் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே போயிருப்பார். தன்னைத் தப்பாக நினைத்திருக்க மாட்டார். அந்த ஒன்றை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதையும் விட்டால் பிடிக்க வேறு ஒன்றும் இல்லை.

அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மறுநாள் காலை எல்லாம் முடிந்தது. தம்பி குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கல்தான், என்ன செய்ய?

சாவு வீடு என்றாலும் சொந்தக்காரர்கள் சொந்தக்காரர்கள்தானே. மூன்றாம் நாள் மத்தியானம் சித்தப்பா மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். நான் திரும்பிப் போகணுமே. ஏஜென்ட்டுக்காரன் சொல்ற விலையக் கேட்டா எங்கண்ணன் பின்னாடியே நானும் போயிடலாம் போல இருக்கு. நீ கொஞ்சம் பாரேன்."

"பாக்கறேன் சித்தப்பா."

அதுகூட நிம்மதியாகத்தான் இருந்தது. அப்பாவின் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, நாலு வெப்சைட்டையும் திறந்தாள். வெள்ளிக்கிழமை பச்சையில் இருந்தது. அப்போது தம்பி மனைவி அப்பாவின் போனையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, மாமா போன் நீங்கதானே செட் பண்ணிக் கொடுத்தீங்க. இதுல என்னென்ன அழிக்கணும்னு பாருங்க. இவரு தொடவே மாட்டேங்கறாரு."

கண்ணாடி அவள் கையால் செய்தது. போன வருஷம் பார்சலில் அனுப்பினாள். அதை மடியில் வைத்துக்கொண்டு போனைக் கையில் வாங்கினாள்.

டிங்.

அவள் போனில் அடித்தது. அதே நொடியில் அப்பாவின் போனிலும் அடித்தது. அப்பாவைப் பார்க்க வர அவள் போட்டு, இன்னும் எடுக்காமல் வைத்திருந்த அலாரம். இரண்டு திரையிலும் ஒரே வரி: நீங்கள் கவனித்துவரும் பயணத்தின் விலை குறைந்துள்ளது.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. மெல்ல மெல்லத்தான் ஞாபகம் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் வந்திருந்தபோது, தன் விமானம் எங்கே பறக்கிறது என்று அப்பா பார்க்கட்டும் என்று அவளேதான் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். அப்பாவுக்கு ஈமெயில் கிடையாது. எதற்கு மெனக்கெட வேண்டும் என்று தன் ஈமெயிலையே போட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு வந்த ஒவ்வொரு 'டிங்'கும் அப்பாவுக்கும் வந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில்.

கீழே தள்ளினாள். அந்தப் புதன்கிழமை இருந்தது. பதினோராயிரத்து எண்ணூறு. திறந்து படித்த அடையாளம் இருந்தது.

"இந்த ஆப்பை மாமா தினம் பாப்பாரு அண்ணி" என்றாள் தம்பி மனைவி. அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம், மாமனார் நினைப்பில் பேசினாள். "ஒரு நாள் ஓடி வந்தாரு. 'விலை இறங்கிடுச்சு, பாப்பா வரப்போறா, உள் ரூமை ஒழிச்சு வை'ன்னாரு. உங்களுக்குப் போன் பண்ணிட்டு வந்து, 'இல்லையாம்மா, நான்தான் தப்பாப் படிச்சிருக்கேன். இந்தக் கண்ணாடி சரியில்ல'ன்னுட்டாரு."

"அப்புறம்?"

"மறுநாள் இவரை இழுத்துக்கிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போனாரு. அவங்க டெஸ்ட் பண்ணிட்டு, பவர் மாறவே இல்ல, கண்ணாடி அருமையாப் போட்டிருக்குன்னு சொல்லியிருக்காங்க. எம் பொண்ணு போட்டதுன்னு மாமா சொன்னாராம்."

"வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல அண்ணி. உள் ரூம்லேர்ந்து எடுத்த சாமானையெல்லாம் திரும்பப் போட்டுக்கோங்கன்னாரு. அவ்வளவுதான்."

தம்பி மனைவியைச் சமையலறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டாள். ஏஜென்டம்மா மூக்குக் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கடையில் தினம் நாற்பது கண்ணாடியை அப்படிப் பிடித்துப் பார்க்கிற கை. ஒரு கீறல் இல்லை. பிசகு இல்லை. மகள் பொய் சொன்னாள் என்று நம்புவதற்கு முன்னால், மனுஷன் தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்கிறார், அவள் செய்த கண்ணாடியைச் சந்தேகப்பட்டிருக்கிறார். சந்தேகப்பட வேறு ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகுதான் பேச்சை விட்டிருக்கிறார். மூன்று ஞாயிற்றுக்கிழமை, தெரிந்துகொண்டே, சாப்பிட்டியா பாப்பா என்று கேட்டிருக்கிறார்.

கண்ணாடியைத் துடைத்து மடித்துத் தலையணை மேல் வைத்தாள்.

கூடத்திலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார்.

"ஏம்மா, பாத்தியா? விலை ஏதாச்சும் குறைஞ்சுதா?"

அந்தக் குரல் அப்பா குரல்தான். அண்ணன் தம்பிக்கு அது ஒன்றுதான் ஒரே மாதிரி. "இன்னும்..." என்று பழக்கத்தில் வாய் ஆரம்பித்துவிட்டது. நிறுத்தினாள். மூன்று நாளாக வராத அழுகை இப்போது வந்துவிட்டது.

"குறைஞ்சிருச்சுப்பா" என்றாள்.