ஓங் வீட்டின் இரண்டாவது கூடம்

துவாகோவின் சவப்பெட்டியை மலையடிவாரத்தில் புதைத்து முடித்த பிறகும், ஓங் வீட்டுக் கூடத்துக் கண்ணாடியில் அது ஒன்பது வருடம் அப்படியே இருந்தது. கூடத்தில் பெட்டி இல்லை. அது கிடந்த இடத்தில் பூப்போட்ட தரையோடுகள் இருந்தன, அவற்றின் மேல் மெழுகு சொட்டிய கறை இருந்தது, அவ்வளவுதான். கண்ணாடியில் பார்த்தால் அதே ஓடுகளின் மேல், கறுத்துப் பளபளக்கும் பலகையும் இரண்டு முனையிலும் தூக்கிய வளைவுமாகப் பெட்டி முழுசாகத் தெரியும். அந்த வருடம் பினாங்கில் மீன் விலை ஏறியது, எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் மாற்றினார்கள், ஓங் வீட்டுக் கண்ணாடியில் பெட்டி தங்கியது. தெருவில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள்.

அந்த வீட்டில் அத்தனை கண்ணாடிகள் வந்தது பெக் யானால். அவள் கடலோரத்தில் ஜன்னல்களுக்கு நடுவே வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த இடமோ, இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய, முன்வாசலில் கூப்பிட்டால் அடுப்படிக்குக் கேட்காத நீளமான இருட்டு வீடு. முதல் ஒரு மாதம் அழுதாள், பிறகு கண்ணாடி வாங்கத் தொடங்கினாள். நடுமுற்றத்தில் விழும் வெயிலைப் பிடித்து அடுப்படிக்கு அனுப்ப ஒன்று, மாடிப்படித் திருப்பத்தில் ஒன்று, சாப்பாட்டு மேசைச் சுவரில் மீனும் சோறும் இரட்டிப்பாகத் தெரிய ஒன்று, சூரியன்போலக் கதிர்கள் நீட்டிய பித்தளைச் சட்டத்தில் அழகுக்கென்றே ஒன்று. விவரம் தெரியாதவள் இல்லை. வருகிற அதிர்ஷ்டம் திரும்பி ஓடிவிடும் என்று வாசலுக்கு எதிரே மாட்டவில்லை, கட்டிலுக்கு எதிரேயும் மாட்டவில்லை. கடைசியாக உதுமான் பாய் கடையில் சொல்லிச் செய்தது கூடத்துப் பக்கச்சுவருக்கான ஆளுயரக் கண்ணாடி. மேலே வளைந்த தேக்குச் சட்டம், கீழே தரையைத் தொடும் விளிம்பு. மாட்டிய அன்றே அந்தப் பக்கம் இன்னொரு கூடம் திறந்துகொண்டது. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் வழி என்று நினைத்து நேராக நடந்து போய் மூக்கை உடைத்துக்கொண்டார். ஊரே சிரித்தது. பெக் யானுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறு யாரும் தந்ததில்லை.

சிரிக்காதவர் துவாகோ ஒருவர்தான். துவாகோ என்றால் சீனத்தில் பெரிய அத்தை. பெக் யானின் கணவர் தியான் செங்குக்கு அவர் மூத்த அக்கா, ஆனால் மகள் ஹுவி லெங் கூப்பிட்டதைப் பார்த்து வீடு முழுக்க அப்படியே கூப்பிடப் பழகிவிட்டது. தாய் தகப்பன் போன பிறகு பலகாரம் சுட்டு விற்றுத் தம்பியை ஆளாக்கியவர். பெண் கேட்டு வந்தவர்களை எல்லாம், பையன் படிக்கிறான், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பி அனுப்பி, கடைசியில் கேட்க ஆள் வராமலே போயிற்று. அம்மா விட்டுப்போன பச்சைக்கல் வளையல் ஒன்றுதான் அவருடைய நகை. மணிக்கட்டு பருத்துப்போனதால் அது கழற்றவும் வராது.

"இருக்கிற ஒரு கூடத்தப் பெருக்கவே எனக்கு இடுப்பு ஒடியுது. நீ இன்னொன்னைக் கட்டி வச்சிருக்க. அதை யாருடி பெருக்குறது?" என்றார் துவாகோ.

"இதைப் பெருக்கினா அதுவும் சுத்தமாயிடும் துவாகோ. ஒரு கூலிக்கு ரெண்டு கூடம்," என்றாள் பெக் யான்.

"ம். அப்ப அங்க உக்காந்திருக்கிறவளுக்கும் நீயே சோத்தைப் போடு."

கண்ணாடியோடு முடியவில்லை சண்டை. கூடத்தில் துவாகோவின் கருங்காலி நாற்காலிகள் ஆஸ்பத்திரியில் காத்திருப்பவர்கள்போலச் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும். பெக் யான் அவற்றைக் கண்ணாடி பார்க்கச் சாய்த்துப் போடுவாள். மத்தியானம் அவள் கண் அசந்தால் போதும், துவாகோ பழையபடி வரிசை கட்டிவிடுவார். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஹுவி லெங் துவாகோவின் மடியிலேயே வளர்ந்து, பள்ளிக்கூடம் போய் மேல்வகுப்பும் ஏறிவிட்டாள், நாற்காலிகள் மட்டும் நின்ற இடத்தில் நிற்கவே இல்லை.

துவாகோ ஒரு மத்தியானம் கிண்டிக்கொண்டிருந்த கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டுச் செத்துப்போனார். வீட்டில் சவம் இருக்கும்போது கண்ணாடிகளை எல்லாம் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிட வேண்டும். பெட்டியைக் கண்ணாடியில் பார்த்த வீட்டில் அடுத்த சாவு விழும். பெக் யான் அழுதுகொண்டே பசை கிண்டி, அடுப்படிக் கண்ணாடி, மாடிப்படிக் கண்ணாடி, பித்தளைச் சூரியன், ஹுவி லெங்கின் பவுடர் டப்பா மூடி வரை தேடித் தேடி ஒட்டினாள். கூடத்துக் கண்ணாடிக்கு ஒட்டவில்லை. அதன் முன்னால் பெட்டியை வைத்து, ஊதுபத்தி ஏற்றி, துக்கம் கேட்க வந்தவர்களுக்குக் கடலை கொடுத்த ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. இத்தனை வருடத்தில் அதைக் கண்ணாடி என்றே எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். அது இன்னொரு கூடம். கூடத்துக்கு யாராவது தாள் ஒட்டுவார்களா? மூடியை அறையும்போதும் பெட்டியைத் தூக்கும்போதும் பார்க்கக் கூடாது என்பதால் எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். வெளியே போனது எது, உள்ளே நின்றது எது என்று யாரும் பார்க்கவில்லை.

புதைத்துவிட்டு வந்து, பூத்தண்ணீரில் முகம் கழுவி, தாள்களைக் கிழித்துக்கொண்டே வந்த பெக் யான்தான் முதலில் கண்டாள். பூசாரிக்கு ஆள் அனுப்பினாள். பூசாரி வந்தார், மணி அடித்தார், பெட்டி அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போனார். அடுத்த ஆள் யார் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. தியான் செங் சாயங்காலம் பேப்பர் படிக்க உட்காரும் நாற்காலி, இந்தப் பக்கம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. கண்ணாடிக்குள் மட்டும் அது நாளுக்கு நாள் பெட்டிப் பக்கமாக நகர்ந்து வந்தது. அவர் உருவமும் அதில் உட்கார்ந்தபடியே நகர்ந்தது. மழைக்காலம் முடிவதற்குள், முழங்கையை நீட்டினால் பெட்டிமேல் வைக்கலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

துணி போட்டு மூடினாள். காலையில் துணி நான்காக மடிந்து, மடிப்பு சுவரைப் பார்க்க, நாற்காலிமேல் இருந்தது. அந்த வீட்டில் அப்படி மடித்தவர் ஒருவர்தான். உதுமான் பாயைக் கூப்பிட்டாள். ஒரு பையனோடு வந்து அவர் மாட்டிய கண்ணாடி அது. இப்போது தெருவிலிருந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் கை கொடுத்தும் அசையவில்லை. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். முதலாளியம்மாவை அவர் தவுக்கே சோ என்றுதான் கூப்பிடுவார்.

"தவுக்கே சோ, நான் கண்ணாடிக்குத்தான் கூலி பேசினேன். உள்ள இருக்கிற சாமானுக்கு நீங்க தனியா லோரி வைக்கணும்," என்றார்.

"உடைச்சிடுங்க பாய்."

"உடைச்சா ஒண்ணு பத்தாகும்மா. பத்துலயும் பெட்டி தெரியும். பரவாயில்லையா?"

அப்படியே விட்டார்கள். தியான் செங்குக்கு இருமல் வந்தது, போயிற்று, இளைத்தார், மறுபடி சதை போட்டார். சாகவில்லை. ஆனால் பயம் அவரை விடவில்லை, அவள் அவரை விடவில்லை. சளி பிடித்தால்கூட இரண்டு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சில வருடம் கழித்து, பேய்களுக்குச் சோறு படைக்கும் ஏழாம் மாதத்தில், கண்ணாடிக்குள் பெட்டியின் மூடி திறந்திருந்தது. பெக் யான் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை. அந்தக் கூடம் மட்டும் பளிச்சென்று பெருக்கிக் கிடந்தது. நாற்காலிகள் சுவரை ஒட்டி வரிசையாக நின்றன. தியான் செங்கின் நாற்காலி ஒன்றுதான் பெட்டியை ஒட்டி நின்றது. இந்தப் பக்கம் அவள் அன்று காலையில்தான் அவற்றை எல்லாம் சாய்த்துப் போட்டிருந்தாள். எனக்குத் தெரிந்து, பயத்தோடு எரிச்சலும் சேர்ந்து வந்த முதல் பேய் வீடு அதுதான்.

ஹுவி லெங்குக்கு ஈப்போவில் மாப்பிள்ளை அமைந்தது. பெண் வீட்டில் தேநீர்ச் சடங்கு கூடத்தில்தான் நடக்க வேண்டும். பிள்ளையும் பெண்ணும் முட்டிபோட்டு மூத்தவர்களுக்குக் கோப்பை நீட்டும்போது, எதிரே கண்ணாடியில் சவப்பெட்டி கிடந்தால் எந்தச் சம்பந்தி சம்மதிப்பாள்? மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்ப்பதில் பேர்போனவள், சாவு என்று ஒலிக்கும் எண் என்பதால் நாலாம் எண் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவள். பெக் யான் கோயில் கோயிலாக ஏறி இறங்கினாள். துவாகோவின் நினைவுப் பலகை இருந்த கோயிலுக்கும் மகளோடு போனாள். கல்யாணமாகாமல் செத்த பெண்ணின் பலகையைப் பிறந்த வீட்டுச் சாமி மேசையில் வைக்கக் கூடாது என்று குலப் பெரியவர் சொல்லிவிட்டதால், அதைக் கோயில் பின்கட்டில், முன்பின் தெரியாதவர்களின் பலகைகளுக்கு நடுவே வைத்திருந்தார்கள். தியான் செங் அப்போதே, பலகைதானே கூடாது, போட்டோவாவது சுவரில் மாட்டுகிறேனே என்று கேட்டிருந்தார். இருந்த ஒரே இடத்தில் பித்தளைச் சூரியன் இருந்தது. பக்கத்தில் போட்டோ வந்தால் சுவர் அடைசலாக இருக்கும் என்று பெக் யான் சொல்ல, அந்த மனிதர் போட்டோவை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார்.

பலகையின் தூசியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்த ஹுவி லெங் திரும்பினாள்.

"அம்மா, துவாகோ வேற எங்க போவாங்க?"

"என்னடி சொல்ற?"

"சாமி மேசையில இடம் இல்லைன்னுட்டாங்க. சுவத்துல இடம் இல்லைன்னு நீங்க சொல்லிட்டீங்க. இங்க பேச்சுத் துணைக்குத் தெரிஞ்ச முகம் ஒண்ணு இல்ல. வீட்ல காலியா ஒரு கூடம் இருந்துச்சு, போயிட்டாங்க. நீங்கதானே கட்டி வச்சீங்க."

பெக் யான் கைக்குட்டையை வாங்கிப் பலகையைத் தானே துடைத்தாள். அவமானமாக இருந்தது அவளுக்கு, அதைவிட அழுகையாக இருந்தது. கட்டியவளுக்கே தெரியாமல் அந்த இரண்டாவது கூடத்தில் ஒருத்தி தனியாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். துணைக்குத் தம்பியின் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதைப் போய் எமன் என்று நினைத்துப் பூசாரியைக் கூப்பிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். சடங்குக்கு முதல் நாள் பித்தளைச் சூரியனைக் கழற்றினாள். அந்த ஆணியில் துவாகோவின் போட்டோவை மாட்டினாள். நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்து, சுவரை ஒட்டி வரிசையாக நிறுத்தினாள். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

"சரி துவாகோ, நீங்களே ஜெயிச்சிட்டீங்க. நாற்காலி இனிமே உங்க இஷ்டம். உங்களை நான் போகச் சொல்லல. அந்தப் பெட்டிய மட்டும் எடுத்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நாளைக்கு நம்ம பொண்ணுக்கு டீ. முதல் கோப்பை உங்களுக்குத்தான்."

மறுநாள் காலையில் கண்ணாடிக்குள் பெட்டி இல்லை. அது கிடந்த இடத்தில் இடுப்புயரத்துக்கு நீளமான மேசை அலமாரி ஒன்று நின்றது. அதே கறுத்த மரம், அதே பளபளப்பு, இரண்டு முனையிலும் அதே தூக்கிய வளைவு. மேலே சரிகை விரிப்பு விரித்து, தேநீர்க் கோப்பைகள் அடுக்கியிருந்தன. துவாகோ உயிரோடு இருந்த காலத்திலேயே ஒரு துண்டு மரத்தை வீணாக்கியதில்லை. தியான் செங்கின் நாற்காலி பழைய இடத்துக்குப் போயிருந்தது. இன்னொன்றையும் பெக் யான் பார்த்தாள். இந்தப் பக்கம் நாற்காலிகள் வரிசையாக நிற்க, அந்தப் பக்கம் அவை அழகாகச் சாய்த்துப் போடப்பட்டிருந்தன, அவள் போடுவதுபோலவே. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதாகச் சொன்னால் பொய், அந்த வீட்டில் முந்தானை ஏது? இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

சடங்கில் முதல் நாற்காலியைக் காலியாக விட்டார்கள். ஹுவி லெங் முட்டிபோட்டு, அந்த நாற்காலிக்கு இரண்டு கையாலும் கோப்பையை நீட்டி, "துவாகோ, டீ குடிங்க," என்றாள். கோப்பையிலிருந்து எழுந்த ஆவி அடங்கியது. திரும்ப வாங்கியபோது அடியில் ஒரு தேயிலைதான் ஒட்டியிருந்தது. அவள் எழுந்து கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே அவள் கையில், துவாகோவோடு புதைத்த பச்சைக்கல் வளையல் இருந்தது. இந்தப் பக்கம் கை வெறும் கைதான். ஆனால் மணிக்கட்டு கனத்தது, கொஞ்சம் குளிர்ந்தும் இருந்தது. அவள் தேம்பித் தேம்பி அழுதாள். கல்யாணப் பெண் அழுவது வழக்கம்தான் என்று யாரும் ஏனென்று கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கண்ணாடியைக் கண்ணாடி என்று அவளுக்கும் தோன்றவில்லை.

"உள்கூடத்துல நிக்குதே அந்த அலமாரி, என்ன வேலைப்பாடு! எங்க வாங்கினீங்க சம்பந்தி?"

"வாங்கல. எங்க நாத்தனார் பாத்துப் பாத்துச் செஞ்சது," என்றாள் பெக் யான்.

ஹுவி லெங் இப்போது ஈப்போவில் இருக்கிறாள். எந்தக் கண்ணாடி முன்னால் நின்றாலும் அவள் கையில் வளையல் தெரியும், பழகிவிட்டது, அதற்குப் பொருத்தமாகத் தோடு வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். தியான் செங் அதே நாற்காலியில் பேப்பர் படிக்கிறார். பெக் யான் காலையில் கூடத்தைப் பெருக்குகிறாள். கண்ணாடியின் விளிம்பு வந்ததும் துடைப்பத்தை நிறுத்திவிடுகிறாள். அதற்கு அப்பால் பெருக்குவது அவள் வேலை இல்லை.