அத்தை இல்லாத வசனம்

பழைய கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் கொலை பெரும்பாலும் பார்ப்பவர் கண்ணில் படாது. உள்ளேயிருந்து அலறல் கேட்கும். வெளியே நிற்பவர்கள் பதறுவார்கள், அவ்வளவுதான். அப்படியொரு நாடகத்தை இந்தக் காலத்துக் குடும்பக் கதையாகத் திரைக்கு எழுதியவள், படத்திலும் அதை மாற்றவில்லை. அப்பன் மகளைக் கொல்ல அறைக்குள் இழுத்துப் போவான். கேமரா மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இயக்குநர் அவளுடைய அண்ணன். மகளாக நடித்தது அவன் பெற்ற பெண், எட்டு வயது.

காலையிலிருந்து ஆறு முறை எடுத்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் குழந்தையின் அலறல் விளையாட்டுக் கத்தலாகவே வந்தது. பொறுமையிழந்த அண்ணன், அப்பனாக நடித்தவரை வெளியே அனுப்பிவிட்டு, தானே சொல்லித்தருவதாக உள்ளே போய்த் தாழிட்டான்.

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு வந்த அலறல் விளையாட்டாக இல்லை. ஒலிப்பதிவாளர் கட்டைவிரலை உயர்த்தினார். நல்ல டேக் கெட்டுவிடக் கூடாதென்று எல்லோரும் அசையாமல் நின்றார்கள். எழுதியவளும்தான் நின்றாள்.

அடுத்த அலறல் "அத்தை" என்று வந்தது. அவள் எழுதிய வசனத்தில் அத்தையே கிடையாது.

கேமராவுக்குக் குறுக்கே ஓடிக் கதவைத் தோளால் இடித்தாள். செட்டுக்காகப் போட்ட கதவு. இரண்டாவது இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. குழந்தை கட்டிலுக்கு அடியில் சுவரோடு ஒண்டியிருந்தாள். உடை நனைந்திருந்தது. மண்டியிட்டிருந்த அண்ணன் கையில் கத்தி. ரப்பர் கத்திதான். அவன் முகத்தைப் பார்த்த நொடியில் அது அவளுக்கே மறந்துபோனது.

"நான் தொடக்கூட இல்ல. நடிப்பு முடிஞ்சுது, இனி நெஜம்னு சொன்னேன், அவ்வளவுதான். கேட்டியா, எப்படி வந்துச்சுன்னு?"

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அண்ணிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். ஒலிப்பதிவாளர் யாரையும் கேட்காமல் பதிவை அழித்தார். படம் அன்றோடு நின்றது.

காரில் போகும்போது குழந்தை கேட்டாள்: "நான் கத்தினது வெளியில கேட்டுச்சா அத்தை?"

"கேட்டுச்சும்மா."

"மொதல் தடவையேவா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். வாய் வரவில்லை. "ஆமா."

குழந்தை ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். மாதங்கள் கழித்தும், அப்பா அறைக்குள் நுழைந்தால் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவாள். அத்தை வந்தாலும் அப்படித்தான்.