கம்பளத்துக்கு அடியில் யானை

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஜெரூஷா பேச எழுந்ததுமே ஏசுபாதம் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். மனைவிக்குத் தைரியம் போதாது என்பதால் அல்ல. தைரியத்தில் அவளை அடித்துக்கொள்ள மாடம்பாக்கத்தில் ஆளில்லை. அவளுடைய ஆங்கிலம்தான் அவரைக் கலவரப்படுத்தியது.

அவர் தாம்பரத்துப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் இன்னும் சிவப்புப் பேனா வைத்திருப்பார். ஜெரூஷா ஆங்கிலம் கற்றது ஏற்றுமதித் துணிக் கம்பெனியில், வெளிநாட்டு வியாபாரிகளிடம் சண்டை போட்டு. போன வாரம்கூட கேஸ் ஏஜென்சிக்காரரிடம் போனில், "தி பால் இஸ் இன் யுவர் போட்" என்று முழங்கினாள். பந்து இருக்கவேண்டியது 'கோர்ட்'டில், படகில் அல்ல என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் சிலிண்டர் அன்று மாலையே வந்துவிட்டது.

இன்று விஷயம் பெரிது. நாலு மாடிக் குடியிருப்பின் லிஃப்ட் படுத்தே கிடக்கிறது. ஏசுபாதத்தின் மூட்டு வலிக்கு மூன்றாம் மாடி மலையேற்றம்தான். கட்டடத்தை ஒப்படைத்துவிட்டுக் கழன்றுகொள்ளலாம் என்று பில்டரின் மேனேஜர் வினோத்குமார் பத்திரங்களோடு வந்திருந்தார். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் ஜெரூஷா கையெழுத்துப் போட்டுவிட்டால், பழுதான லிஃப்ட் குடியிருப்பவர்கள் தலையில் விழும்.

இந்தக் கட்டடத்துக் கூட்டங்கள் தமிழில்தான் தொடங்கும். சூடு பிடித்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். பிறகு ஆங்கிலம் வராதவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். வினோத்குமாருக்கு இது தெரியும். எடுத்த எடுப்பிலேயே ஆங்கிலத்தில் பொழிந்தார். வந்தவர்கள் எல்லாம் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் ஏசுபாதம் மனைவிக்காக ஒரு பக்கம் பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். ஜெரூஷா அதை மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டாள்.

"மிஸ்டர் வினோத்குமார்! யூ ஆர் ஸ்வீப்பிங் தி எலிபன்ட் அண்டர் த கார்பெட்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஏசுபாதம் கண்ணை மூடிக்கொண்டார். கம்பளத்துக்கு அடியில் தள்ளி மறைப்பது குப்பையை. எல்லோரும் பார்த்தும் பேசாத யானை நிற்பது அறைக்குள். இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டாளே!

"மேடம், கஷ்டப்படாதீங்க. தமிழ்லயே பேசுங்க" என்றார் வினோத்குமார், சிரிப்பை அடக்கமுடியாமல்.

"இவ்வளவு நேரம் நீங்க இங்கிலீஷ்ல பேசும்போது யாரும் உங்களத் தடுக்கலியே சார்? நானும் அதுலயே முடிக்கிறேன். எலிபன்ட் இஸ் டூ பிக். லெக்ஸ் ஆர் கமிங் அவுட்சைட்!"

நாலாம் மாடி அஞ்சம்மாள் சட்டென்று எழுந்தாள். தலையில் மீன்கூடையோடு தினமும் படியேறுகிறவள். "அக்கா கரெக்டா சொல்லுது! யானை கீது சார், அந்த லிஃப்ட்ல! எங்க கஷ்டம் இன்னான்னு உனுக்குத் தெரியுமா?"

பிறகு யாரும் தலையாட்டவில்லை. ஆளுக்கொரு பக்கம் யானையைப் பிடித்துக்கொண்டார்கள். வினோத்குமார் திணறிப்போய் ஏசுபாதம் பக்கம் திரும்பினார். "சார், நீங்க இங்கிலீஷ் வாத்தியார். நீங்களே சொல்லுங்க, இது இங்கிலீஷா?"

கூட்டம் முழுதும் அவர் பக்கம் திரும்பியது. ஜெரூஷாவும் அவரைத்தான் பார்த்தாள். பயமில்லாதவள் முகத்தில் அப்போதுதான் ஒரு சின்னப் பயம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குச் சுருக்கென்றது. எத்தனை முறை இவளை நடுவாக்கியத்தில் நிறுத்தித் திருத்தியிருப்போம்!

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"காலமெல்லாம் பேப்பர் திருத்தினவன் சொல்றேன். முழு மார்க். லிஃப்ட் ஓடட்டும் சார், அப்புறம் கையெழுத்து."

கையெழுத்தில்லாத பத்திரங்களை வினோத்குமார் வாரிக்கொண்டு கிளம்பினார். மாதம் முடிவதற்குள் லிஃப்டுக்குப் புது மோட்டார் வந்தது.

முதல் நாள் ஏசுபாதமும் ஜெரூஷாவும் அஞ்சம்மாளும் சேர்ந்து ஏறினார்கள். லிஃப்ட் கிளம்பியதும் ஜெரூஷா பூரித்துப்போய், "நவ் வீ ஆர் ஆல் இன் தி சேம் போட் ஆன் கிளவுட் நைன்!" என்றாள்.

"அக்கா இன்னா சொல்லுது சார்?" என்று கேட்டாள் அஞ்சம்மாள்.

ஏசுபாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "நாம எல்லாரும் ஒரே படகுல மேகத்துக்கு மேல போறோம்னு சொல்றாங்க. சரியாத்தான் சொல்றாங்க."