இடிவாணனுக்கு ஓர் உடம்பு

இடிவாணன் என் தொண்டையில்தான் குடியிருந்தான். ஆனால் அவனுக்கு உடம்பு தேடும்போது என்னை ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை.

வாரப் பத்திரிகையில் படக்கதையாக வந்த வீரன் அவன். முகத்தில் முகமூடி, முதுகில் பறக்கும் சிவப்புத் துண்டு. ஒரு சத்தம் போட்டால் கோட்டைச் சுவர் விரிசல் விடும். படத்தில் சத்தம் கேட்காது என்பதால் யாருக்கும் தொல்லை இல்லை. பிச்சையா அண்ணாச்சி தம் நாடகக் குழுவோடு அவனை வானொலிக்குக் கொண்டுபோனபோதுதான் வினை வந்தது. குரல் கொடுக்க வந்த ஆண்கள் எல்லாரும் வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டதுபோல் பேசினார்கள். நான் கிழக்கேகோட்டைப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு டிரில் டீச்சர். மைதானத்தின் மறுகோடிவரை கத்திப் பழகியவள். ஒரே ஒரு வசனம் பேசினேன். அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"டீச்சரே, இதாக்கும் குரல்! ஆனா பேரு மட்டும் வெளிய வேண்டாம். பொம்பளையாக்கும்னு தெரிஞ்சா பிள்ளைக மனசு ஒடிஞ்சு போயிரும், கேட்டியளா?"

நாடகம் முடிந்ததும் எல்லார் பேரையும் வாசிப்பார்கள். கதவு கிரீச்சிடும் சத்தம் போட்டவன் பேரைக்கூட வாசித்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நாலு பேர் கேட்க என் பேரை ஒரு தடவையாவது சொல்லுங்கள் என்று சண்டை பிடித்தேன்.

"மேடையில போடும்போ பாப்போம்" என்றார் அண்ணாச்சி.

மேடைக்கும் வந்தான் இடிவாணன். தம்பானூர்த் தெருவெங்கும் நோட்டீஸ், அதிலும் என் பேர் இல்லை. நான் திரைக்குப் பின்னால் பேச, உடம்பாக நடிக்க வந்தவர்கள் வரிசையாக நின்று வாயைத் திறந்து மூடினார்கள். தண்டால், பஸ்கி என்று உடம்பை வளர்த்த தாணுமாலயன் என்ற கஸரத்துக்காரர் தேறினார். ஆள் மலை மாதிரி. சொந்தக் குரல்தான் கொசு மாதிரி. வாயசைப்பில் மட்டும் கெட்டிக்காரர்.

முதல் நாளே, பறக்கிற காட்சியில் கயிறு சிக்கி அந்தரத்தில் தொங்கினார்.

"அண்ணாச்சீ, இறக்குங்க! தலை சுத்துது!"

இடிவாணன் வாயில் கொசுக் குரல் கேட்டுப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். மானத்தைக் காப்பாற்ற நான் திரைக்குப் பின்னாலிருந்து முழங்கினேன்: "அஞ்சாதீர்கள், மக்களே!"

முன்வரிசையிலிருந்து ஸ்ரீவராகம் சேஷன் வக்கீல் துள்ளி எழுந்தார். "குரல் அங்கேந்துன்னா வரது! இடிவாணன் குரலை எவனோ திருடிட்டான்!"

ஆட்கள் மேடையேறித் திரையைப் பிடுங்கினார்கள். உள்ளே நான், கையில் மைக்கோடு நின்றேன்.

"குரலைத் திருப்பிக் குடுத்துடுங்கோ. இல்லேன்னா கேஸாயிடும்" என்றார் வக்கீல்.

அண்ணாச்சி உண்மையைச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "குடுத்திருங்க டீச்சரே. பிள்ளைக அழுவுது."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரையும் கயிற்றில் கட்டித் தூக்கியிருப்பேன். என் தொண்டையில் பிறந்த குரலுக்கு நான் திருடியா?

"எப்படிக் குடுக்கியது? பொட்டலம் கட்டியா?" என்று கேட்டேன்.

வக்கீல் யோசித்தார். "மேலே பாத்துப் பேசுங்கோ. அவர் வாயிலே போய்ச் சேந்துடும்."

அண்ணாந்து பார்த்தேன். தாணுமாலயன் தொங்கியபடியே என் முகத்தைப் பார்த்து வாயைத் தயாராக வைத்திருந்தார். மைக்கைக் கிட்டே பிடித்துக்கொண்டு, மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்கிற குரலில் சொன்னேன்.

"என் பேர் பொன்னம்மை!"

மேலே அந்த வாய் ஓர் எழுத்துப் பிசகாமல் அசைந்தது.

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. "பொன்னம்மை! பொன்னம்மை!" என்று பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். எத்தனை நாள் ஏங்கிய சத்தம் அது! எல்லாரும் அண்ணாந்து தாணுமாலயனைப் பார்த்தே கத்தினார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை.