அப்பாவுக்குப் பெண் பார்க்க

பாய்லரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு வாக்கியமாகத்தான் அப்பா அதைச் சொன்னார்.

"தண்ணி சூடாக அரை மணி நேரம் ஆகுது, வியாழக்கிழமை ஆள வரச் சொல்லியிருக்கேன். அப்புறம், பிப்ரவரியில நானும் மிரெல்லாவும் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அங்க காத்து எப்படி, இன்னும் அடிக்குதா?"

அடிக்கிறது என்று சொல்லிவிட்டு இலாரியா போனை வைத்தாள். திரியெஸ்தேயில் காற்று எப்போதும்தான் அடிக்கும்.

அவள் அப்பா ஒரெஸ்தே முப்பத்தைந்து வருடம் இத்தாலிய ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். ரொவிகோவில் தனி வீடு. அம்மா போய் நான்கு வருடமாகிறது. போன வருடம் முழங்கால் அறுவைக்காகப் பொலோனியா போனவர், அங்கே உடற்பயிற்சி சிகிச்சைக்குக் காத்திருந்த இடத்தில் கணுக்கால் பிசகி வந்திருந்த மிரெல்லாவைச் சந்தித்தார். கால் சரியான பிறகும் வாரத்தில் நான்கு நாள் பொலோனியாவிலேயே இருந்தார். மூன்று முறை மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார்கள். மூன்று முறையும் இலாரியாவுக்கு ஏதோ வேலை வந்துவிட்டது.

மிரெல்லா என்ன வேலை செய்கிறாள் என்பது மட்டும் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு பொலோனியாவின் பழைய கடைத்தெருக்களில் நடந்து, கடை கடையாக நிறுத்தி, சாப்பிடவும் ஒயின் குடிக்கவும் வைத்து, கதை சொல்கிற வேலை. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இடம் பிடிக்கலாம். அந்த வியாழக்கிழமைக்கு, அப்பா பாய்லர்காரனுக்காக ரொவிகோவில் இருக்கப்போகிற நாளுக்கு, இலாரியா தன் கணவனின் குடும்பப் பெயரைக் கொடுத்து ஓர் இடம் பிடித்தாள்.

"நேரா போய்ப் பேசேன்," என்றான் கணவன் கோராடோ.

"நேரா போய்ப் பேசினா எல்லாரும் நல்லவங்களாத்தான் தெரிவாங்க."

"டிக்கெட் வாங்கிட்டுப் போனா கெட்டவங்களாத் தெரிவாங்களா?" என்று கேட்டவன், பிறகு அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, "பாத்து நட. ஒயின் வேற ஊத்துவாங்க," என்றான்.

அது அவர்கள் இருவருக்கும் மருத்துவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். பதினோரு வாரம். இரண்டு வருடத்துக்கு முன் இதே போல ஒன்று தங்கியபோது ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அப்பா அந்த வாரமே ஒரு மர ரயில் வாங்கி வைத்தார். பதினான்காம் வாரம் எல்லாம் முடிந்து போனது. ஆஸ்பத்திரி நடையில் அவளைவிட அப்பாதான் அதிகமாக அழுதார். இந்த முறை கெட்டியாகும்வரை அவரிடம் வாய் திறப்பதில்லை என்று வைத்திருந்தாள்.

பொலோனியாவில் நவம்பர் மாத மழை. காலை பத்தரை மணிக்குச் சதுக்கத்தின் ஓரத் தாழ்வாரத்தில் மிரெல்லா நின்றிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். குள்ளம், நரையை மறைக்காத குட்டை முடி, ஆண்கள் போடுகிற மாதிரிக் கனத்த ஷூ. அப்பாவை மயக்கிய முகம் என்று இலாரியா மனதில் வரைந்து வைத்திருந்த எதற்கும் அது பொருந்தவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அன்று மொத்தம் ஐந்து பேர். பாரியிலிருந்து ஒரு தம்பதி, திரெந்தோவிலிருந்து வயதான அக்கா தங்கை இருவர், இலாரியா.

"தனியாவா வந்தீங்க?" என்று கேட்டாள் மிரெல்லா.

"ஆமா. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கல."

"நல்லதாப் போச்சு. தனியா வந்தவங்கதான் ஒழுங்கா சாப்பிடுவாங்க. மத்தவங்கல்லாம் பக்கத்துத் தட்டையே பாத்துட்டிருப்பாங்க."

முதல் நிறுத்தம் கறிக்கடை. கூரையிலிருந்து உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடைகள் தொங்கின. நின்றபடியே சாப்பிட ஒரு பலகை, ஐந்து கிளாசில் வெளிர்மஞ்சள் நுரை ஒயின், தட்டில் காகிதம் போலச் சீவிய உலர்கறி. இலாரியா கிளாஸை உதட்டில் வைத்து எடுத்தாள். கறியைக் காகிதக் கைக்குட்டைக்குள் மடித்து மறைத்தாள். உலர்கறியை மருத்துவர் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார். வேகவைத்துச் செய்வதால் மோர்த்தடெல்லா என்கிற பருத்த பன்றிக்கறி உருளைக்கு மட்டும்தான் அனுமதி. அதை இரண்டு துண்டு தின்றாள்.

மிரெல்லா பாரிக்காரரோடு மோர்த்தடெல்லாவில் பிஸ்தா போடலாமா கூடாதா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். கவனித்ததாகவே தெரியவில்லை.

அடுத்த கடை பாஸ்தாக் கடை. மாவு படிந்த நீள மேஜைக்குப் பின்னால் வான்னா என்கிற பருத்த பெண் உட்கார்ந்து, உள்ளே கறி வைத்த, சுண்டுவிரல் நுனி அளவு தோர்தெல்லினிகளைப் பார்க்காமலே மடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இங்கேயும் ஆளுக்கொரு கிளாஸ் ஒயின். மிரெல்லாவே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள். இலாரியா வழக்கம்போல உதட்டில் வைத்தாள். ஆப்பிள் சாறு, சோடா கலந்தது. நிறமும் நுரையும் மற்ற கிளாஸ்களைப் போலவே இருந்தன. நிமிர்ந்து பார்த்தாள். மிரெல்லா அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, திரெந்தோ அக்காவுக்கு மடிப்பு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இலாரியாவின் தட்டில் மட்டும் உலர்கறி இல்லை. மோர்த்தடெல்லாவும், முப்பது மாதம் வைத்த பழைய பார்மிசான் பாலாடைக்கட்டியும் இருந்தன.

யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. இலாரியா அந்தச் சாற்றை முழுவதும் குடித்தாள்.

"என்ன மிரெல்லா, தேதி வச்சாச்சா?" என்று வான்னா மேஜைக்கு அப்பாலிருந்து சத்தமாகக் கேட்டாள். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "இந்தம்மாவுக்குக் கல்யாணங்க. மாப்பிள்ளை ரிட்டையர்டு. இன்னமும் எங்க போனாலும் டிக்கெட்ட எடுத்து ரெண்டு தடவ பாக்குறாரு," என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். மிரெல்லா காது வரை சிவந்தாள்.

"அவரு பிப்ரவரின்னு சொல்லிட்டுத் திரியறாரு. நான் ஒத்துக்கல."

"ஏன், இன்னும் யோசனையா?"

"எனக்கு என்ன யோசனை. அவருக்கு ஒரு பொண்ணு இருக்கா. அவ வந்து எங்க வீட்டுல ஒரு வேளை சாப்பிடட்டும். அம்மா போய் நாலு வருஷந்தான் ஆகுது. அதுக்குள்ள தேதி சொன்னா எந்தப் பொண்ணு வருவா? நானா இருந்தா நானும் வரமாட்டேன்."

"வரவே இல்லன்னா?"

"காத்திருக்கிறது. எனக்கு என்ன, பதினெட்டு வயசா?"

இலாரியா கையிலிருந்த பார்மிசான் கட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளியே மழை வலுத்திருந்தது. தாழ்வாரத்தின் அடியிலேயே நடந்தார்கள். இலாரியாவுக்கு லேசாகத் தலை சுற்றியது. யாரிடமும் சொல்லாமல் ஒரு தூணில் கை வைத்தாள். முன்னால் போய்க்கொண்டிருந்த மிரெல்லா நின்று, திரும்பி, அந்தத் தூணைக் காட்டி ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தாள். கதை நீண்டுகொண்டே போனது. திரெந்தோத் தங்கை கொட்டாவி விட்டாள். இலாரியாவுக்குத் தலை தெளிந்து, கையை எடுத்த பிறகுதான் கதை முடிந்தது.

வினிகர் கடையில் இலாரியா எதையும் காதில் வாங்கவில்லை. இவளை அம்மாவோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வந்திருந்தாள். அம்மா வாயாடி, யாருக்காவது உடம்புக்கு என்றால் தெருவுக்கே கேட்கும்படி விசாரிப்பாள். இவள் ஒரு வார்த்தை கேட்காமல் கிளாஸை மாற்றிக் கொடுக்கிறாள். இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடைசி நிறுத்தம் ஒரு பழைய ஒயின் கடை. அங்கே ஒயின் மட்டும்தான் விற்பார்கள், சாப்பாட்டை நாமே கொண்டுபோக வேண்டும். "மேஜை பிடிக்க ஆள் அனுப்பியிருக்கேன்," என்றபடி மிரெல்லா கதவைத் தள்ளினாள்.

நீள மேஜையின் கோடியில், பேப்பரை விரித்து ஆறு பேர் இடத்தை மறித்துக்கொண்டு, அப்பா உட்கார்ந்திருந்தார்.

இலாரியா வாசலிலேயே நின்றாள். அவரும் பார்த்துவிட்டார். முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது, பிறகு குழப்பம். பிறகு மகள், மிரெல்லா, மற்ற நால்வர், எல்லோர் கையிலும் இருந்த பொட்டலங்கள் என்று ஒரு சுற்று பார்த்தவர், பேப்பரை நிதானமாக மடித்தார். முப்பத்தைந்து வருடம் டிக்கெட் இல்லாதவர்களின் முகத்தைப் பார்த்தவருக்கு விளங்க அதிக நேரம் ஆகவில்லை.

"இவர்தான் ஒரெஸ்தே," என்றாள் மிரெல்லா. "இன்னைக்கு ரொவிகோவில இருக்க வேண்டியவரு."

"பாய்லர்காரன் வரலன்னு சொல்லிட்டான்." அவர் எழுந்து ஒவ்வொருவராகக் கை குலுக்கினார். இலாரியாவிடம் வந்தபோது கையை நீட்டி, "எந்த ஊருங்க?" என்றார்.

"திரியெஸ்தே."

"நல்ல ஊரு. காத்து ஜாஸ்தி. எனக்கும் அங்க ஒரு பொண்ணு இருக்கா. வாரா வாரம் போன் பண்ணுவா. காத்தப் பத்திச் சொல்லுவா. மத்தது ஒண்ணும் சொல்லமாட்டா."

"நீங்க மட்டும் அவகிட்ட எல்லாத்தையும் ஒழுங்கா உக்கார வச்சுச் சொல்றீங்களா?" என்றாள் இலாரியா.

"அதுவும் சரிதான்," என்றார் அவர். கை இன்னும் அவள் கையை விடவில்லை.

பொட்டலங்களைப் பிரித்தார்கள். ஒரெஸ்தே சிவப்பு ஒயின் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கிளாஸாக ஊற்றி வந்தார். இலாரியாவின் கிளாஸுக்கு வந்தபோது மிரெல்லா, ரொட்டி நறுக்கிக்கொண்டே, ஒரு விரலால் அந்தக் கிளாஸைத் தள்ளி, தண்ணீர் கிளாஸை அந்த இடத்தில் வைத்தாள்.

"இவங்களுக்கு வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா விடுங்களேன்."

அவர் மகளின் தட்டைப் பார்த்தார். மற்ற தட்டுகளிலெல்லாம் உலர்கறி இருந்தது. அவள் தட்டில் மோர்த்தடெல்லா மட்டும். பாட்டிலை நிமிர்த்தி ஊற்றுவதை நிறுத்தினார்.

"எத்தனை மாசம்?" என்று கேட்டார்.

திரெந்தோ அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "முன்ன பின்ன தெரியாத பொண்ணுகிட்ட இப்படியா கேக்கறது?"

"தெரிஞ்ச பொண்ணுதாங்க," என்றார் அவர்.

"பதினோரு வாரம், அப்பா," என்றாள் இலாரியா.

அவர் பாட்டிலை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து அப்படியே பிடித்துக்கொண்டார். எதிரே மிரெல்லா ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் வெண்ணெய் வாங்கிட்டு வரேன்," என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியே போனாள்.

இலாரியா பின்னாலேயே போனாள். மிரெல்லா எந்தக் கடைக்கும் போகவில்லை. தாழ்வாரத்தில் மழையைப் பார்த்து நின்றிருந்தாள்.

"என்னைப் பாக்கத்தான் டிக்கெட் வாங்கிட்டு வந்தீங்களா?"

"ஆமா."

"சொல்லியிருந்தா நல்ல ஷூவாவது போட்டிருப்பேன்." குரல் விளையாட்டாக வரவில்லை. "வினிகர் கடையில ஒரு வருஷத்தத் தப்பா வேற சொல்லிட்டேன்."

"நான் கவனிக்கல. மன்னிச்சிடுங்க. நான் செஞ்சது சரியில்ல."

மிரெல்லா குனிந்து தன் ஷூவைப் பார்த்தாள். "கஷ்டமாத்தான் இருக்கு," என்றாள். "காலைல இருந்து நான் பேசினது ஒவ்வொண்ணும் இப்ப ஞாபகம் வருது."

"எனக்கும் ஞாபகம் இருக்கு. வான்னா கடையில பேசினதும்." இலாரியா கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள். "போன தடவ பதினாலாவது வாரம் போயிடுச்சு. அதான் அப்பாகிட்ட சொல்லல. அவர் தாங்கமாட்டாருன்னு நெனச்சேன். என்னால முடியலன்னா அவர யார் பாத்துப்பா?"

"நான் பாத்துப்பேன்," என்றாள் மிரெல்லா உடனே. பிறகு, அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று தயங்கினாள். "பயமா இருக்கா?"

"ராத்திரியும் பகலும்."

"இருக்கத்தான் செய்யும். இனிமே நாங்களும் சேந்து பயப்படறோம். உனக்குக் கொஞ்சம் கொறையும்." எப்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று இருவருமே கவனிக்கவில்லை. "உள்ள வா. நின்னா மறுபடி தலை சுத்தும்."

அவர்கள் திரும்பி வந்தபோது திரெந்தோ சகோதரிகள் உலர்கறி முழுவதையும் தீர்த்திருந்தார்கள். பாரிக்காரர் ஒரெஸ்தேயிடம் குழந்தைக்குப் பெயர் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரெஸ்தே, "இன்னும் யாருக்கும் சொல்லக்கூடாதுங்க," என்று அறை முழுவதற்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் கல்யாணம் நடக்கவில்லை. ஜனவரியிலிருந்து பிரசவம்வரை இலாரியா படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மிரெல்லா இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரயிலேறி வந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரெஸ்தே அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்து, வண்டி கிளம்பும்வரை நடைமேடையில் நின்றாராம். ஜூன் தொடக்கத்தில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ, நல்ல குரல்.

கல்யாணம் செப்டம்பரில், திரியெஸ்தே நகராட்சி மண்டபத்தில் நடந்தது. காலையிலிருந்து குழந்தை யாரிடம் போனாலும் வீறிட்டது. கடைசியில் மணப்பெண்ணிடம் கொடுத்தார்கள், நின்றுவிட்டது. திரும்ப வாங்கப் போனால் மறுபடி ஆரம்பித்தது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "பரவால்ல, இப்படியே ஆகட்டும்," என்றாள் மிரெல்லா. குழந்தையை அணைத்திருந்த கையில் எந்த விரல் அது என்று ஒரெஸ்தே குனிந்து தேடித் தேடி மோதிரம் போட வேண்டியதாயிற்று.